இரும்பு மேசை குடித்த சூடு

அந்த வீட்டின் இரண்டு மருமகள்களும் காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே மோட்டார் கம்பெனி வாசலில் இறங்கி, ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து, நாள் முழுக்க ஒருவர் செய்ததை மற்றவர் தப்பு என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வந்து ஒரே அடுப்பில் சமைத்தார்கள். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஓரகத்திகள் ஒரு வீட்டில் ஒத்துப்போவதே பெரிய விஷயம், இதில் ஆபீஸிலுமா என்பார்கள். அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

சின்னவள் மோட்டாரை வரைபவள். உள்ளே எத்தனை சுற்று செம்புக் கம்பி, எவ்வளவு காந்தம், எவ்வளவு இழுவை என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அவள் வரைந்த மோட்டார் ஓடும்போது பிறக்கும் சூடு பெரியவளின் பொறுப்பு. உள்ளே போகும் மின்சாரம் எல்லாமே சுழற்சியாக மாறிவிடுவதில்லை. ஒரு பங்கு சூடாகத்தான் போகும், அதை யாராலும் தடுக்க முடியாது. அந்தச் சூடு வெளியேற வழி இல்லையென்றால் செம்புக் கம்பியின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு வெந்துபோகும். பத்து டிகிரி கூடினால் பூச்சின் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். பெரியவளுக்கு அது மனப்பாடம் மட்டுமில்லை, சுபாவம். டீ கிளாஸ், பஸ் சீட்டு, காய்ச்சலாய்க் கிடப்பவர் நெற்றி, எதைப் பார்த்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பாள். கம்பெனியில் அவளுக்கு 'தர்மாமீட்டர்' என்று பேர்.

"அக்கா கை வெச்சா ஐஸ்கூட உண்மையைச் சொல்லிடும்" என்று சின்னவள் மற்றவர்களிடம் கிண்டல் செய்வாள். கிண்டலுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆனால் அதைப் பெரியவள் காதில் விழும்படி சொன்னதில்லை.

அண்ணனும் தம்பியும் கப்பலில் வேலை பார்த்தார்கள். வருஷத்தில் பாதி தண்ணீரில். ஆகவே வீட்டில் நிரந்தரமாக இருந்த ஆண்பிள்ளை மாமனார் ஒருவர்தான். அவர் முடிதிருத்துபவர். கீழே சலூன், மேலே வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்குத்தான மரப்படி, எதிரே ஆள் வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டு ஒதுங்கவேண்டிய அளவுக்குக் குறுகலானது. பக்கவாதம் வந்து இடது காலைக் கட்டிப்போட்ட பிறகு அவர் அந்தப் படியில் இறங்கவில்லை. மகன்கள் ஊரில் இருந்தபோது தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். "நான் என்ன மூட்டையா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சும்மா இருக்கிறவரும் இல்லை. சலூனிலிருந்த பழைய கண்ணாடி ஒன்றை எடுத்துவரச் சொல்லி ஜன்னலுக்கு வெளியே சாய்த்துக் கட்டவைத்தார். அதில் கீழே சலூன் வாசலும் முதல் நாற்காலியும் தெரியும். அங்கே வேலைக்கு வைத்திருந்த ஆள் கத்தரிக்கோலை எடுத்ததும் மேலேயிருந்து குரல் விழும்.

"காதோரம் பாத்துப் போப்பா! அவருக்கு இடது காது கொஞ்சம் இறக்கம். கண்ணை நம்பாதே, மூக்கை வெச்சு அளவெடு!"

"சரிங்க மேலிடம்!" என்பார் சலூன் ஆள். அவர் ஆரம்பித்து வைத்த அந்தப் பேர் வாடிக்கையாளர்களிடமும் ஒட்டிக்கொண்டது. மேலிடத்துக்குச் சொல்லு, மேலிடம் என்ன சொல்லுது என்று தெருவே பேசியது. அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் கடை சாத்திய பிறகு, கண்ணாடியில் வெறும் நாற்காலி மட்டும் தெரிகிற நேரத்தில், அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைச் சின்னவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் கம்பெனியில் படியேறும் நாற்காலிக்கு மோட்டார் வேண்டும் என்று பேச்சு வந்ததும் அவள் முந்திக்கொண்டு கையைத் தூக்கினாள். படியோரமாக ஒரு தண்டவாளம், அதில் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு நாற்காலி. கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்த மோட்டார் பூசணிக்காய் மாதிரி பெரியது. அதைப் பொருத்தினால் அவர்கள் வீட்டுப் படி மாதிரிக் குறுகல் படியில் நாற்காலி போக இடமே இருக்காது. சின்னவள் வரைந்தது கைக்குள் அடங்குகிற அளவு. இருக்கைக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். சத்தம் வரும் என்று விசிறிகூட வைக்கவில்லை.

"இந்த மாசமே நீங்க கீழ வர்றீங்க மாமா" என்று அவரிடம் சொல்லியும்விட்டாள்.

சோதனை நாளன்று அறையில் எல்லோரும் கூடினார்கள். கம்பெனியில் எல்லா மோட்டார்களையும் சோதிப்பது ஒரு இரும்பு மேசையில். யானை படுத்தாலும் அசையாத கனம். சின்னவளின் குட்டி மோட்டாரை அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கி ஓடவிட்டார்கள். திரையில் சூட்டின் கோடு ஏறியது. ஏறி, தயங்கி, வளைந்து, கடைசியில் அலுத்துப்போன பூனை மாதிரி படுத்துக்கொண்டது. எல்லைக்கு வெகு கீழே.

மானேஜர் கைதட்டினார். "பிரமாதம்! இனி பெரிய மோட்டாருக்கு வேலையில்லை. தர்மாமீட்டர் மேடம், ஒரு கையெழுத்து."

பெரியவளைக் காணோம். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மேசைக்கு அடியில் குனிந்து உள்ளங்கையை இரும்பின் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன மேடம் பண்றீங்க?"

"மேசைக்கு ஜுரம்" என்றாள் பெரியவள். எழுந்து புடவையிலிருந்த தூசியைத் தட்டினாள். "மோட்டாரோட சேர்ந்து மேசையும் சுடுது. சூடு மொத்தத்தையும் மேசை குடிச்சிடுச்சு. வீட்டுப் படியில இந்த மேசை இருக்காது. மரம்தான் இருக்கும். மரம் சூட்டைக் குடிக்காது."

"இத்தனை வருஷமா இதே மேசையிலதானே எல்லா மோட்டாரும் ஓட்டறோம்?"

"அதெல்லாம் பம்பு மோட்டார் சார். கடைசியில அதுங்க போய் உக்கார்றதும் இரும்பு மேலதான். இது அப்படி இல்ல. ஒரு மரப்பலகை மேல வெச்சு ஓட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

"பலகையா? நாம டெஸ்ட் பண்றது மோட்டாரையா, ஊஞ்சலையா?" என்றார் மானேஜர். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

அன்றைக்கு பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டில் சமையலறையில் மூடிகளும் கரண்டிகளும் மட்டும் பேசிக்கொண்டன.

"என்னம்மா, இன்னிக்குப் பாத்திரமெல்லாம் இவ்வளவு பேசுது, நீங்க ரெண்டு பேரும் பேசலையே?" என்றார் மாமனார் உள்ளிருந்து. "நாற்காலி என்னாச்சு?"

"அக்காவையே கேளுங்க" என்றாள் சின்னவள்.

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். "இப்போ வராது மாமா."

"ஏன்?"

"சூடானா அது தன்னைத்தானே நிறுத்திக்கும். படிக்கு நடுவுல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? மேலயும் போக முடியாது, கீழயும் வர முடியாது."

"நின்னா நின்னுட்டுப் போகுது. யாராவது வந்து தூக்கி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவள் மேல்தான். தெருவுக்கே நியாயம் சொல்லலாம், சொந்த மாமனார் விஷயத்தில்கூட ஒரு கையெழுத்துக்கு மனசு வராதா? பலகையில் ஓட்டிக் காட்டி இந்த அம்மாளின் வாயை அடைக்கிறேன் பார் என்று மனசுக்குள் சூளுரைத்தாள்.

மறுநாள் ஒரு சரக்குப் பெட்டியின் மூடியை உடைத்து எடுத்துவந்து, தானே ஆணி பிடுங்கி, மோட்டாரை அதன் மேல் பொருத்தினாள். உதவிக்கு வந்தவர்களைத் தள்ளிப் போகச் சொன்னாள். ஓடவிட்டாள்.

கோடு ஏறியது. நேற்று தயங்கிய இடத்தில் இன்று தயங்கவில்லை. வளைந்த இடத்தில் வளையவில்லை. சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டு, வளை, வளை, என்று முணுமுணுத்தாள். அது கேட்கவில்லை. எல்லையைத் தொட்டதும் உள்ளேயிருந்த காவல் சுவிட்ச் 'டக்' என்று வெட்டியது. மோட்டார் நின்றது. 

அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியத்தைத்தான். நான் அப்பவே சொன்னேனே. அதற்குப் பதிலாக வாயில் நாலு வாக்கியம் தயாராகவும் வைத்திருந்தாள். பெரியவள் அதைச் சொல்லவில்லை. மோட்டாரின் மேல் கையை வைத்து, குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "நல்ல மோட்டார்டி இது. இழுவை அருமையா இருக்கு. பாவம், சூட்டைக் கொண்டுபோய் இறக்கி வைக்க அதுக்கு ஒரு இடம் இல்ல. அவ்வளவுதான்" என்றாள்.

 மாமா படியின் நடுவில் நின்றுபோன நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அப்படியே சின்னவள் கண்ணில் வந்தது. கீழே வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்க்க, சலூன் ஆள் ஓடிவந்து அவர் கக்கத்தில் கைகொடுக்க. அப்படி ஒருமுறை நடந்திருந்தால் அவர் அந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்திருக்கவே மாட்டார். அந்தக் காட்சியைப் பெரியவள் நேற்றே, மேசைக்கு அடியில் கை வைத்தபோதே, பார்த்துவிட்டாள்.

"அப்போ பெரிய மோட்டார்தான் வழி" என்றார் மானேஜர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் நான் மேல பதில் சொல்லணும்."

வழி கிடைத்தது கம்பெனியில் இல்லை. மாமனாருக்கு இடது கால் எப்போதும் சில்லிட்டுக் கிடக்கும். வெயில் காலத்திலும் கம்பளிக் காலுறை. சாயங்காலம் ஒரு தொட்டியில் வெந்நீர் வைத்துக் கால் முக்கச் சொல்வார்கள். அன்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது சின்னவள். அவர் காலை உள்ளே வைத்து, கண்ணை மூடி, "அப்பாடா" என்றார். சின்னவள் அந்தக் காலையே பார்த்தபடி நின்றுவிட்டாள். அங்கே ஒரு மோட்டார், சூட்டைக் கொண்டுபோய் வைக்க இடமில்லாமல் தவிக்கிறது. இங்கே ஒரு கால், சூட்டுக்கு ஏங்குகிறது. நாற்காலியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ தூரம்.

"அக்கா!" என்று கத்தினாள். சண்டையில் இருந்ததே மறந்துபோயிற்று. "கால் வைக்கிற தட்டு! இப்ப அது பிளாஸ்டிக். மோட்டார் உக்கார்ற அடிச்சட்டத்தையும் கால் தட்டையும் ஒரே அலுமினியத் துண்டாப் பண்ணிட்டா?"

பெரியவள் ஈரக் கையோடு வந்தாள். காற்றில் விரலால் ஒரு வழி போட்டாள். அவள் சூட்டைப் பற்றி யோசிக்கும்போது அப்படித்தான், வெளியூர் போகும் ஆளுக்கு பஸ் மாற்றிவிடுவதுபோல. "செம்புல பிறக்குது. இரும்புக்கு வருது. அங்கேர்ந்து வெளி உறைக்கு. செம்புக் கம்பியோட நுனிக்கும் உறைக்கும் நடுவுல வெறும் காத்துதான் இருக்கு, அங்க மாட்டிக்கும். அந்த இடத்துல சூடு கடத்துற பிசினை ஊத்தி அடைச்சிட்டா அதுவும் இறங்கிடும். அப்புறம் சட்டம். அப்புறம் தட்டு..." விரல் நின்றது. "கால் சுட்டா?"

"சுடுமா?"

"எவ்வளவு வரைக்கும் போகலாம்னு தெரியணும்ல." பெரியவள் உள்ளே போய் நிஜமாகவே ஒரு தர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒரு குவளை வெந்நீர் ஊற்றினாள். "மாமா, இது இதமா, சூடா?"

"இதம்."

இன்னொரு குவளை. "இது?"

"இதமோ இதம்."

இன்னொன்று.

"அம்மா தாயே, இது காலும்மா, கிழங்கு இல்ல!"

பெரியவள் தர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு முந்தைய குவளையில் நின்ற அளவை மனதில் போட்டுக்கொண்டாள். "சரி. இதுதான் எல்லை. இதுக்கு மேல தட்டு போகக்கூடாது." பிறகு, மருமகள் இருவரும் தன் காலை வைத்து என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று புரியாமல் விழித்துக்கொண்டிருந்த மாமனாரிடம், "உங்க காலுக்குத்தான் மாமா இனிமே வேலை" என்றாள்.

அடுத்த நாட்களில் பெரியவள் வேலை செய்வதைச் சின்னவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். இத்தனை காலம் எதிர் மேசையில் இருந்தும் அவள் பார்த்தது பெரியவளின் 'முடியாது'களை மட்டும்தான். அந்த 'முடியாது'வுக்குப் பின்னால் எவ்வளவு கவனம் இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. சட்டமும் உறையும் ஒட்டும் இடத்தில் ஒரு முடியளவு இடைவெளி இருந்தாலும் அதற்கொரு கணக்கு. மேல்மூடியை மினுமினுப்பாக விடாமல் கறுப்புப் பூச்சு, அது சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும் என்று. தன் மோட்டாரைச் சின்னவள் அசையும் பொருளாகத்தான் பார்த்திருந்தாள். பெரியவளுக்கு அது ஒரு வீடு. உள்ளே ஒரு விருந்தாளி வந்துகொண்டே இருக்கிறார், அவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பியாக வேண்டும்.

ஒன்று மட்டும் சின்னவளுக்குப் புரியவில்லை. "அக்கா, நான் ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறறதுக்குத்தானே போட்டிருக்கேன்? நடுவுல நல்ல ஓய்வு இருக்கு. நீங்க ஏன் ஓய்வே இல்லாம வரிசையா ஓட்டிக் கணக்குப் பாக்கறீங்க?"

"ஒரே ஒரு நாள் அப்படி ஓடும்" என்றாள் பெரியவள். 

வெள்ளிக்கிழமை மானேஜரே பலகையை எடுத்துவைத்தார். இந்த முறை புதுச் சட்டமும் தட்டும் சேர்ந்து ஓடின. கோடு ஏறியது, தயங்கியது, படுத்தது. இரும்பு மேசை அறை மூலையில் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது. "ஆனா கடைசிச் சோதனை நிஜப் படியிலதான்" என்றாள் பெரியவள். "எங்க வீட்லயே வைங்க. அங்க பாத்துட்டுக் கையெழுத்து."

நாற்காலி பொருத்திய நாளில் மாமனார் விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருந்தார். உட்காரவைத்து, பட்டையைப் போட்டு, பொத்தானை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அழுத்தினார். நாற்காலி மெல்லிய முனகலோடு இறங்கத் தொடங்கியது. சின்னவள் கூடவே ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே ஞாபகமில்லை. நடுப்படி வந்தது. போனது.

கீழே சலூன் ஆள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். "மேலிடம் கீழ வந்துடுச்சு!" என்று தெருவைப் பார்த்துக் கூவினார்.

மாமனார் சலூனைச் சுற்றிப் பார்த்தார். தன் பழைய முடிவெட்டும் நாற்காலியின் கையைத் தடவினார். அரைகுறையாக முடிவெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் காதைப் பார்த்து, "பாத்தியா, இறக்கம்னு சொன்னேன்ல" என்றார்.  பிறகு மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மேலே போனார். கண்ணாடியோடு இறங்கி, பழைய கத்தி மேலே இருக்கிறது என்று மறுபடி போனார். அடுத்து எதற்காகப் போனார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏறினார், இறங்கினார். ஒவ்வொரு முறை நடுப்படியைக் கடக்கும்போதும் தெருவுக்குக் கையசைத்தார்.

 இது சின்னவள் போட்ட கணக்கே இல்லை. "அக்கா, போதும்னு சொல்லுங்க! ஓய்வே குடுக்காம ஓட்டறாரு. நின்னுடப்போவுது!"

பெரியவள் அடிப்படியில் உட்கார்ந்து, நாற்காலி இறங்கும் ஒவ்வொரு முறையும் கால் தட்டின் விளிம்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். "நிக்காது. இதையும் சேத்துத்தான் போட்டேன்."

"எதை?"

"முதல் நாளை." நாற்காலி மறுபடி மேலே போவதைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு மாமாவைத் தெரியும்டி. ஒரு தடவையில நிறுத்துற ஆளா அவரு?"

சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். செம்புக்கும் இரும்புக்கும் பிசினுக்கும் கணக்கு இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு மனுஷன் இத்தனை நாள் கழித்துத் தன் கடைக்கு இறங்கி வரும்போது எத்தனை தடவை படியேறி இறங்குவான் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு என்று எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

மேலேயிருந்து குரல் வந்தது. "யாரும்மா காலுக்கு வெந்நீர் வெச்சது? இதமா இருக்கே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பெரியவள் படியிலேயே உட்கார்ந்து கையெழுத்தைப் போட்டுக்கொடுத்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். மாமனார் கீழே சலூனிலேயே, தன் முடிவெட்டும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். சின்னவள் மேலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். படிப்பக்கம் மெல்லிய முனகல் கேட்டது. மாமா எழுந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தாள்.

நாற்காலி ஏறி வந்துகொண்டிருந்தது. அதில் பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பட்டை போட்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு வெறுங்காலையும் தட்டில் பதித்திருந்தாள்.

சின்னவளைப் பார்த்ததும் ஒரு கையை அவசரமாக இருக்கைக்கு அடியில் விட்டாள்.

"சூடு பாக்கறேன்" என்றாள்.

"பாருங்க அக்கா, நல்லாப் பாருங்க" என்றாள் சின்னவள். "இறங்கும்போதும் ஒரு தடவை பாத்துடுங்க."